பத்தாவது சொல்

ஒருவன் பெரியவன் ஆவது எப்போது? மீசை அரும்பும்போதா? முதல் சம்பளம் கைக்கு வரும்போதா? மணமாலை கழுத்தில் விழும்போதா? நம் வீடுகளில் இதற்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை. "நீ என்ன, சின்னப் பிள்ளையா?" என்று காலையில் கேட்பார்கள். "பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கு என்ன வேலை?" என்று அன்று மாலையே கேட்பார்கள். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த எனக்கு, நாள் குறித்து, பாடம் படித்து, பலர் முன்னிலையில் பெரியவன் ஆகின்ற ஒரு வழக்கத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு என் பதின்மூன்றாம் வயதில் கிடைத்தது. அது யூதர்களின் வழக்கம். இடம் பம்பாய், 1995 முதல் மும்பை என்று வழங்கும் அதே நகரம். ஆண்டு 1983.

வரலாற்று வகுப்பில் பாடத்தை விட்டு விலகும்போதெல்லாம் நான் இந்தக் கதையில்தான் போய் நிற்கிறேன் என்று மாணவர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் ஒரு முறையும் முழுமையாகச் சொன்னதில்லை, மணி அடித்துவிடும். ஆண்டு மலரில் மணி அடிக்காது என்ற துணிவில் எழுதுகிறேன்.

என் தந்தையார் பம்பாயில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தார். பைகுல்லாப் பகுதியில் 'சால்' என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஒவ்வொரு தளத்திலும் நீண்ட தாழ்வாரம். அதை ஒட்டி ஒற்றை அறை வீடுகள். அடுத்த வீட்டு நிலைக்காலில் விரல் நீளத்தில் ஓர் உலோகக் குழல் பதித்திருந்தது. அந்த வீட்டார் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். தோலில் எழுதிய மறைமொழி ஒன்று அதற்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன். மற்றபடி அவர்கள் பேசியது மராத்தி. பெண்கள் உடுத்தியது புடவை. அடுப்பில் மணந்தது தேங்காய்ப்பால் சேர்த்த மீன் குழம்பு. சனிக்கிழமை மட்டும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அவர்கள் 'பெனே இஸ்ரேல்' என்னும் பிரிவினர். இஸ்ரேலின் மக்கள் என்பது பொருள். முன்னொரு காலத்தில் கொங்கணக் கரையில், அலிபாகுக்கு அருகில் உள்ள நவ்காவ் என்னும் ஊர்ப்பக்கம், ஒரு கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரையேறினார்கள் என்றும், அவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்றும் சொல்லிக்கொள்வார்கள். கொங்கணச் சிற்றூர்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்து வாழ்ந்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் ஆதலால், 'சனிவார் தேலி', அதாவது 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்', என்று ஊரார் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். பின்னர் பலர் பம்பாய்க்கு வந்து படை, இரயில்வே, ஆலை, அலுவலகம் எனப் பல துறைகளில் அமர்ந்தார்கள். பம்பாயில் அவர்களின் முதல் தொழுகைக்கூடம் 1796-இல் எழுந்தது. நம் ஆங்கில இலக்கிய மாணவர்கள் படிக்கும் கவிஞர் நிசிம் எசேக்கியேல் (1924–2004) இந்தப் பிரிவைச் சேர்ந்தவரே.

அடுத்த வீட்டுப் பையனும் நானும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. அவனுக்கு ஓர் அக்கா. மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்று அழைப்பார்கள். தமிழ்க் காதுக்கு அது அம்மாவை அழைப்பதுபோல் இருக்கும். நானும் அப்படியே அழைத்தேன். எங்களைவிட மூன்று வயது பெரியவள். தாத்தாவை 'ஆஜோபா' என்போம். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழையானாலும் வெயிலானாலும் விடியற்காலையில் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த தொழுகைக்கூடத்துக்கு நடந்து போவார்.

1983 பிப்ரவரி இருக்கும். மாலையில் பந்தும் மட்டையுமாக வெளியே போகிற நேரத்தில் என் நண்பனைக் காணவில்லை. அவன் வீட்டுக்குள்ளிருந்து பாட்டும் அல்லாத, படிப்பும் அல்லாத ஓர் ஓசை வந்தது. எட்டிப் பார்த்தேன். ஆஜோபா எதிரே உட்கார்ந்து அவன் எதையோ நீட்டி நீட்டி இராகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆகஸ்டு மாதம் எனக்குப் பார் மிட்ஸ்வா. அதுவரை விளையாட்டு வாரம் இரண்டு நாள்தான்" என்றான், சிறைக்குப் போகிறவன்போல.

'பார் மிட்ஸ்வா' என்றால் கட்டளையின் மகன் என்று பொருள். யூதர்களின் மறைநூலாகிய தோராவில் 613 கட்டளைகள் உண்டு என்பது அவர்களின் மரபு. பதின்மூன்று வயது நிறையும்வரை ஒரு சிறுவன் அவற்றில் தவறினால் பொறுப்பு தந்தைக்கு. அதன் பிறகு பொறுப்பு அவனுக்கே. உண்மையில் சடங்கு என்று ஒன்று நடக்காவிட்டாலும் வயது நிறைந்த அன்றே பொறுப்பு வந்துவிடுகிறது. ஆனால் அதைப் பலர் அறிய ஏற்றுக்கொள்ளும் முகமாக, பையன் தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று தோராவைப் படிக்கிறான். அந்தப் படிப்புக்குத்தான் இத்தனை மாதப் பயிற்சி.

படிப்பதில் என்ன கடினம் என்று நான் நினைத்தேன். ஆஜோபா எனக்கு விளக்கினார். தோரா அச்சிட்ட நூல் அன்று. பதப்படுத்திய தோலில் கையால் எழுதிய நீண்ட சுருள். அதில் மெய்யெழுத்துகள் மட்டுமே உண்டு. உயிரொலிக் குறிகள் இல்லை. நிறுத்தக் குறிகள் இல்லை. இராகக் குறிகளும் இல்லை. தமிழில் 'க்ல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கல்லா, காலா, கோலா, கேலியா என்று எப்படி அறிவது? இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். புள்ளியிடாமல் எழுதிய நம் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு இந்த இடர்ப்பாடு ஓரளவு விளங்கும். ஆகவே சிறுவர்கள் முதலில் ஒரு பயிற்சி நூலை வைத்துக்கொள்வார்கள். ஒரு பத்தியில் எல்லாக் குறிகளும் இருக்கும். பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளவாறே வெறும் எழுத்துகள் இருக்கும். முதல் பத்தியைப் பார்த்துப் படித்து, பின் அதை மூடிவிட்டு இரண்டாவதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லும் வேண்டும், இராகமும் வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் கேட்போர் உடனே உரக்கத் திருத்துவார்கள். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மீண்டும் படிக்க வேண்டும்.

"எல்லார் முன்னாலும் திருத்தினால் அவமானமாக இருக்காதா?" என்று கேட்டேன்.

"தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதுதான் அவமானம், பாளா" என்றார் ஆஜோபா. 'பாளா' என்றால் குழந்தாய். "அந்தச் சுருளில் மூன்று லட்சத்து நாலாயிரத்து எண்ணூற்று ஐந்து எழுத்துகள். ஒன்று குறைந்தாலும் சுருள் செல்லாது. சரிசெய்யும்வரை எடுத்துப் படிக்க மாட்டோம்."

304,805 என்ற அந்த எண் எனக்கு அன்றே மனப்பாடம் ஆகிவிட்டது. பள்ளிப் பாடத்தில் எதையும் அவ்வளவு எளிதாக நான் மனத்தில் வைத்ததில்லை.

பயிற்சியில் ஆஜோபாவைவிடக் கண்டிப்பானவள் தாயி. அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. சித்தப்பா மகன்கள் இருவர் அதே வீட்டில் பயின்றபோது அடுப்பங்கரையில் இருந்தபடியே கேட்டுக் கேட்டு இராகம் முழுவதையும் பிடித்துக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "அங்கே இறங்காதே, ஏறு" என்பாள் தம்பியிடம். அவன் திணறினால் தானே சொல்லிக் காட்டுவாள். அவள் சொல்லும்போது ஆஜோபா கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும் ஒன்றும் சொல்லமாட்டார். அவள் தொழுகைக்கூடத்தில் அதைப் படிக்கப் போவதில்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அந்தப் பருவத்தில் விளையாட்டுப் பிள்ளைக்கு வந்த பெரிய சோதனை ஜூன் 25. லண்டனில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டம், நாளோ சனிக்கிழமை. பொழுது சாய்ந்து மூன்று விண்மீன் தெரியும்வரை அவன் வீட்டில் வானொலியைத் தொடக்கூடாது. மழைமேகத்தில் விண்மீனுக்கு எங்கே போவது? ஆஜோபா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தலையசைத்த பிறகே அவன் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். அதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. மீதிப் பாதியை இருவரும் கூத்தாடிக்கொண்டு கேட்டோம்.

அவனுக்கு ஒதுக்கிய பகுதி, தமிழ் விவிலியத்தில் உபாகமம் எனப்படும் நூலின் 24, 25-ஆம் அதிகாரங்களில் வரும் இருபத்தெட்டு வசனங்கள். ஒரு நாள் தாயி அதன் பொருளை மராத்தியில் படித்துச் சொன்னாள். ஏழைக் கூலியாளை ஒடுக்காதே. அவன் உன் இனத்தானாயினும் சரி, வேற்றூரிலிருந்து வந்தவனாயினும் சரி. அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு. அவன் அதை நம்பியிருக்கிறான் என்பது அதன் தொடக்கம்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். காரணம் உண்டு. 1982 ஜனவரி 18-ஆம் நாள் பம்பாய்த் துணி ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். என் தந்தையார் அவர்களில் ஒருவர். ஓராண்டு போய் இரண்டாம் ஆண்டும் பாதியாகிவிட்டது. கூலி என்ற சொல்லையே எங்கள் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. அம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அன்று இரவு அப்பாவிடம் அந்த வசனத்தின் பொருளைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கிற பையன் நன்றாகப் படிக்கட்டும்" என்றார். நண்பனின் படிப்பில் அன்று முதல் எனக்கும் ஓர் அக்கறை பிறந்தது. அவன் சொல்வதைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டேன். இராகம் தவறினால் எனக்கே தெரியத் தொடங்கியது.

இதற்கிடையே அவன் வீட்டில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. இஸ்ரேல் நாடு 1948-இல் அமைந்தது முதல் பெனே இஸ்ரேல் மக்கள் சிறிது சிறிதாக அங்கே குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். 1950-ஐ ஒட்டி இந்தியாவில் 20,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். இன்று 5,000-க்கும் குறைவு. யாரும் துரத்தவில்லை. இந்த நாட்டில் தங்களுக்கு ஒரு நாளும் கொடுமை நேர்ந்ததில்லை என்பதை அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். வேலைக்காகவும், உறவினரைத் தேடியும், மறைநூல் சொல்லும் நிலம் என்ற பற்றாலும் போனார்கள். என் நண்பனின் பெற்றோரும் அக்டோபரில் புறப்படுவதென்று முடிவு செய்துவிட்டார்கள். ஆஜோபா மட்டும் மூத்த மகன் வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிட்டார்.

அது தெரிந்த பிறகு நண்பனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. ஒரு நாள் பயிற்சி நூலை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "இரண்டு மாதத்தில் போய்விடப் போகிறேன். இந்தத் தொழுகைக்கூடத்துக்கு நான் பெரியவன் ஆகி என்ன பயன்?"

ஆஜோபா சொன்னார்: "இரண்டு மாதம் எதற்கு? ஒரு காலைப் பொழுது போதும்."

அவர் சொன்னதன் பொருள் ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எங்களுக்கு விளங்கியது. அன்று விடியற்காலையில் நண்பனுடன் நானும் தொழுகைக்கூடம் போயிருந்தேன். நல்ல மழை. எனக்கும் ஒரு தொப்பி கொடுத்துக் கடைசி விசுப்பலகையில் உட்கார வைத்தார்கள். யூதர்களின் கூட்டுத் தொழுகைக்குப் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். 'மின்யான்' என்பார்கள். பத்துப் பேர் இல்லாவிட்டால் தனித்தனியாகத் தொழலாம். ஆனால் தோராச் சுருளை வெளியே எடுத்துப் படிக்க முடியாது. இறந்தவர்க்காகச் சொல்லும் 'கத்தீஷ்' என்னும் மறைமொழியையும் சொல்ல முடியாது. பெற்றோரை இழந்த மகன் பதினொரு மாதம் கத்தீஷ் சொல்ல வேண்டும். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை; இறைவனின் பெயரைப் போற்றுவது மட்டுமே. ஆனால் தனியே சொல்லக்கூடாது. அவன் சொல்ல, மற்றவர்கள் 'ஆமென்' என்று ஏற்க வேண்டும்.

அன்று வந்திருந்தவர்களில் ஒருவர் அண்மையில் தந்தையை இழந்தவர். நடுத்தர வயது. நூலைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழுகை நடத்துபவர் தலைகளை எண்ணினார். அவர் எண்ணிய முறை புதுமையாக இருந்தது. மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது என்பது அவர்கள் மரபு. ஆகவே சங்கீதம் 28-இன் கடைசி வசனத்தைச் சொல்வார்கள். எபிரேயத்தில் அதற்குச் சரியாகப் பத்துச் சொற்கள். ஒரு தலைக்கு ஒரு சொல். வசனம் நிறைவு பெற்றால் தொழுகை நிறைவு பெறும். அன்று ஒன்பது சொற்களோடு அவர் நின்றுவிட்டார். நண்பனை எண்ணவில்லை, அவனுக்குப் பதின்மூன்று நிறையச் சில வாரங்கள் இருந்தன. என்னையும் எண்ணவில்லை. எனக்குப் பதின்மூன்று நிறைந்திருந்தது. ஆனால் நான் அவர்களில் ஒருவன் இல்லை.

எங்கள் இருவரையும் பத்தாவது ஆளைத் தேடி அனுப்பினார்கள். குடையில்லாமல் ஓடினோம். முதல் வீடு பூட்டியிருந்தது. அவர்கள் மே மாதமே இஸ்ரேல் போய்விட்டார்களாம். இரண்டாம் வீட்டுக்காரர் காலை வேலைக்குப் போயிருந்தார். மூன்றாம் வீட்டில் பெரியவர் காய்ச்சலில் கிடந்தார். எழுந்து வரத்தான் பார்த்தார். அவர் மனைவி விடவில்லை. தெப்பமாக நனைந்து திரும்பி வந்தோம். எங்கள் பின்னால் யாரும் இல்லை என்று கண்டதும் அந்த மனிதர் நூலை மூடி, முத்தமிட்டு, அலமாரியில் வைத்தார். யாரையும் குறை சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவர் முதுகை நான் இன்றும் மறக்கவில்லை.

வீடு திரும்பும்போது என் உள்ளத்தில் ஒரு சினம் இருந்தது. "ஆஜோபா, நானும் அங்கே இருந்தேன். உங்கள் மறைமொழியைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தெரியும். என்னை எண்ணியிருந்தால் அவர் தம் தந்தைக்காகச் சொல்லியிருப்பாரே" என்றேன்.

அவர் நின்று என் தலையைத் தம் துண்டால் துவட்டினார். "எண்ணுவது பெருமைக்கு அல்ல, பாளா. கடமைக்கு. எங்கள் கடமை உன்மேல் இல்லை. அதை உன்மேல் சுமத்த எனக்கு உரிமையும் இல்லை. உன்னை எண்ணுகிற இடம் ஒன்று இருக்கும். அங்கே நீ இல்லாமல் போய்விடாதே" என்றார்.

அன்று எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. ஆனால் நண்பனிடம் மாற்றம் தெரிந்தது. அன்று மாலை அவனே பயிற்சி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆகஸ்டு 20, சனிக்கிழமை. தொழுகைக்கூடம் நிறைந்திருந்தது. தாணாவிலிருந்தும் கொங்கணத்திலிருந்தும் உறவினர் முந்தின நாளே வந்து தங்கியிருந்தார்கள். பெண்கள் மேல்மாடத்தில். நானும் அப்பாவும் தொப்பி அணிந்து பின்வரிசையில் நின்றோம். பேழையைத் திறந்து சுருளை எடுத்து வந்தார்கள். தோலை விரலால் தொடக்கூடாது ஆதலால், நுனியில் சிறிய கை வடிவம் கொண்ட வெள்ளிக்கோல் ஒன்றை அவன் கையில் கொடுத்தார்கள். அது நடுங்கியது. பிறகு நின்றது.

கூலியைப் பற்றிய வசனத்தை அவன் தொடங்கியதும் அப்பாவின் கையை மெல்லத் தொட்டேன். அவர் தலையை அசைத்தார். நடுவில் ஓரிடத்தில் அவன் பிசகினான். நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் திருத்தின. அவன் திரும்பிப் போய்ச் சரியாகச் சொன்னான். நான் மேலே பார்த்தேன். மாடத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தாயி நின்றாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இருபத்தெட்டு வசனங்களையும் தம்பியோடு சேர்ந்து ஓசையின்றிச் சொல்லி முடித்தாள். எண்ணிக்கையில் சேராத என் நிலையையே பெரிதாக நினைத்திருந்த எனக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. நானாவது வெளியிலிருந்து வந்தவன். அவளோ அந்தக் கட்டளைகளின் கீழ்ப் பிறந்தவள், அவனுக்குக் கற்பித்தவள்.

உலகில் யூதர் எல்லாரும் இதில் ஒரே முறையில் நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1922-இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற சிறுமிக்குத் தொழுகைக்கூடத்தில் பாத் மிட்ஸ்வா நடந்தது. அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் பிரிவினர் 1973-இல் பெண்களையும் பத்தில் ஒருவராக எண்ண இடமளித்தார்கள். அந்தச் செய்திகளை நான் கல்லூரியில் படித்தபோது மனக்கண்ணில் வந்தவள் தாயிதான்.

படிப்பு முடிந்ததும் நண்பனின் தந்தையார் எழுந்து, இவனுக்கான பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்ததற்காக இறைவனைப் போற்றும் மரபுச் சொற்களைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது. மேல்மாடத்திலிருந்து மிட்டாய்கள் மழையாக விழுந்தன. சிறுவர்கள் பொறுக்கினார்கள். என் நண்பனும் பழக்கத்தில் குனிந்தான். பிறகு நினைவு வந்து நிமிர்ந்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது. திங்கட்கிழமை விடியற்காலை. மறுபடியும் மழை. உறவினர் எல்லாம் ஊர் திரும்பிவிட்டார்கள். நண்பன் என்னையும் எழுப்பி அழைத்துப் போனான். அன்றுதான் முதன்முறையாக வாரநாள் தொழுகையில் அவன் 'தெஃபிலின்' அணிந்தான். மறைமொழி அடங்கிய இரண்டு கறுப்புத் தோல் பெட்டிகள். ஒன்று கையில், ஒன்று நெற்றிக்கு மேல். தோல்வாரை முன்கையில் ஏழு சுற்றுச் சுற்ற ஆஜோபா உதவினார்.

தொழுகை நடத்துபவர் எண்ணத் தொடங்கினார். நான் கடைசி விசுப்பலகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தலையாகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி வந்தார். ஒன்பதாம் சொல் ஆஜோபாமேல் விழுந்தது. அவர் திரும்பினார். பத்தாவது சொல்லை என் நண்பனைப் பார்த்துச் சொன்னார்.

ஜூலையில் மழையில் இறங்கிப் போன அந்த மனிதர் எழுந்து நின்றார். கத்தீஷ் சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'ஆமென்' எழுந்தது. பெரியவர்களின் கனத்த குரல்களுக்கு நடுவே உடையத் தொடங்கியிருந்த ஓர் இளங்குரலும் கேட்டது. தொழுகை முடிந்து போகும்போது அவர் பையனுக்கு முன் நின்று, பெரியவர்களுக்குச் செய்வதுபோல் அவன் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கும் வருவாய் அல்லவா?" என்று மட்டும் கேட்டார்.

"வருவேன்" என்றான். அக்டோபரில் அவர்கள் புறப்படும்வரை நாள் தவறாமல் போனான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் நாங்களும் பம்பாயை விட்டு ஊர் திரும்பிவிட்டோம். அப்பாவுக்கு மீண்டும் ஆலை வேலை கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து இஸ்ரேலின் தென்பகுதியிலிருந்து நண்பனின் மடல் வந்தது. பள்ளி, மொழி, வெயில் எல்லாம் எழுதியிருந்தான். முடிவில் ஒரு வரி: "இங்கே தொழுகைக்கூடத்தில் எப்போதும் கூட்டம். என்னை யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய தேவை இல்லை." அதில் மகிழ்ச்சி இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். மறுமொழி எழுத மாதக்கணக்கில் காலம் தாழ்த்தினேன். பிறகு எழுதியதற்கு விடை வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

1989 மார்ச் 28-இல் அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து, வாக்குரிமை வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. அந்த நவம்பரில் பொதுத் தேர்தல். நான் கல்லூரி மாணவன், விடுதியில் இருந்தேன். என் பெயர் ஊரில் இருந்தது. வாக்கு நாளன்று நண்பர்கள் படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். சட்டையை மாட்டும்போது துண்டால் தலை துவட்டிய அந்த முதியவரின் குரல் காதில் விழுந்தது. பேருந்தேறி ஊருக்குப் போனேன். வாக்குச்சாவடியில் அலுவலர் பட்டியலைப் பார்த்து என் பெயரை உரக்கப் படித்தார். விரலில் மை வைத்தார். என் பத்தாவது சொல் அன்று என்மேல் விழுந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

2014-இல் ஓர் ஆய்வரங்கத்துக்காக மும்பை சென்றபோது பழைய தெருவைத் தேடிப் போனேன். எங்கள் சால் இருந்த இடத்தில் உயர்ந்த கட்டடம். தொழுகைக்கூடம் மட்டும் அப்படியே இருந்தது. காவலாளியிடம், சனிக்கிழமைகளில் பத்துப் பேர் சேர்கிறார்களா என்று கேட்டேன். தாணாவிலிருந்து இரயிலேறி வருகிறார்கள், சேர்ந்துவிடுகிறது என்றார். வாரநாளில்? "வந்தால் உண்டு" என்றார். கடைசி விசுப்பலகையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மாணவ நண்பர்களே, நாள்தோறும் காலையில் நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து உங்கள் எண்களைப் படிக்கிறேன். 'உள்ளேன் ஐயா' என்கிறீர்கள். வராதவனுக்காக வந்தவன் குரலை மாற்றிச் சொல்வதும் எனக்குத் தெரியும். பல நாள் கண்டும் காணாததுபோல் விட்டிருக்கிறேன். உங்களைத் திருத்துவதற்காக இதை எழுதவில்லை. பெரியவன் ஆவது எப்போது என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா? நான் கண்ட விடை இதுதான். நாம் இல்லாவிட்டால் வேறொருவரின் கடன் நிறைவேறாமல் நிற்கும் என்ற நிலை வருகிறதே, அன்றுதான் நாம் பெரியவர்கள் ஆகிறோம். அந்த இடம் தொழுகைக்கூடமாக இருக்கலாம், வாக்குச்சாவடியாக இருக்கலாம், முதுமையில் தனித்திருக்கும் பெற்றோரின் வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம். அங்கே நமக்காக வேறொருவர் 'உள்ளேன்' என்று சொல்ல இயலாது.